புரிஞ்சுதா, சொல்லு

வாங்க டீச்சர், உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். கேமராப் பையன் லோகு முதுகில் விழுந்ததில் போனது. இதில் உட்காருங்க. கதவைச் சாத்திக்கிறேன். கீழே முட்டைக் குடோன், லாரி பின்னால் எடுக்கும்போது அந்தப் பீப் பீப் சத்தம் ரெக்கார்டிங்கில் வந்துவிடும். சாத்திவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. பாருங்க, சுவர் முழுக்க முட்டை அட்டை. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் காசு கொடுப்பானா ஒருத்தன்? சென்னையிலிருந்து வந்தவன் பஞ்சுப் பலகை வைக்கணும் என்று ஒரு விலை சொன்னான். சட்டையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டு நானே பசை காய்ச்சி ஒட்டினேன்.

அந்த இடத்தில் மட்டும் ஒரு அட்டை இல்லையே என்று பார்க்கிறீங்க. எல்லாரும் பார்க்கிறார்கள். சொல்றேன்.

சர்டிபிகேட்டை எல்லாம் கீழே வையுங்க. எம்.எஸ்ஸி. இயற்பியல், சந்தோஷம். நான் அஞ்சாவதோடு நின்றவன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது முட்டை மண்டி ஓனர். கூட்டல் தப்பினால் செவிட்டில் ஒன்று. பெருக்கல் தப்பினால் தலையில் முட்டை அட்டையை அடுக்கி முட்டி போடச் சொல்வார். ஒரு முட்டை உடைந்தால் அதற்குத் தனி அடி. இந்த இடது காது இன்றைக்கும் கேட்காது. நீங்க பேசுவதாக இருந்தால் இந்தப் பக்கம் வந்து பேசுங்க. ஆனால் கணக்கு? என்னைக் கேளுங்க, நீங்க கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்வேன். உங்கள் எம்.எஸ்ஸி.யில் யாராவது அடித்தார்களா? இல்லை இல்லையா. அதான் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு அலையறீங்க.

கோபித்துக்காதீங்க அம்மணி. என் பேச்சு அப்படித்தான்.

இந்தச் சேனல் எப்படி வந்தது என்று கேளுங்க. ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரன் நொடித்துப் போனான். கேமரா, லைட்டு, மைக்கு எல்லாம் அடிமாட்டு விலைக்கு முடித்தேன். வாங்கின பிறகுதான் இதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தேன். டீக்கடையில் பார்த்தால் லாரி டிரைவர் ஒருத்தன் போனில் பேட்டரிக்கு எப்படித் தண்ணி ஊற்றுவது என்று பார்க்கிறான். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒளிச்சேர்க்கை பார்க்கிறாள். ரெண்டு பேரும் பாதியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஏன்? இழுவை. வணக்கம் நண்பர்களே என்பதற்கே பாதி நேரம். முட்டை பேரத்தில் மூணு நிமிஷம்தான் டீச்சர். அதற்குள் முடிக்கணும். அதைத் தாண்டினால் எதிராளி யோசிக்க ஆரம்பித்துவிடுவான், யோசிக்கிறவனிடம் பேரம் படியாது. பரமத்தி ரோட்டில் ஒருத்தன் அப்படி யோசித்தான். அவன் முன்பல் ரெண்டும் இப்போது கட்டின பல்.

அதனால் சேனலுக்குப் பெயரே 'மூணே நிமிஷம்'. எந்தப் பாடம் என்றாலும் மூணு நிமிஷம். பின்னம், பூகம்பம், பட்டா, பாம்புக்கடி, செக் எழுதுவது, ரத்த ஓட்டம், ஒடிந்த எலும்புக்குக் கட்டுப்போடுவது. இது வேண்டும் அது வேண்டாம் என்று நான் கழிக்கிறதே இல்லை. மண்டியில் எல்லா சைஸ் முட்டையும் விலை போகும்.

பாடம் எடுக்க வந்தது லிடியா டீச்சர். மார்த்தாண்டம் பக்கம். ஒல்லியாக இருப்பாள், பெரிய கண்ணாடி. அவள் எழுதிப் பேசுவாள், லோகு கேமரா பிடிப்பான். நான் குறை சொல்வேன். சரி, நல்ல வீடியோவா, மொக்கை வீடியோவா என்று யார் தீர்ப்புச் சொல்வது? நான் சொல்ல முடியாது, எனக்கு மூளை வேகம். டீச்சர் சொல்ல முடியாது, அவள் பெற்ற பிள்ளை. அதற்குத்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்தத் தொழிலில் வேறு எவனிடமும் இல்லாத வழி.

என் வீட்டுக்காரி பாவாயி. மூணாவதுகூட முடிக்கவில்லை. பெண்ணை ஓசூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சும்மாதான் இருந்தாள். ஒவ்வொரு வீடியோவையும் வெளியே விடுவதற்கு முன்னால் அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். ஒருதரம் பார்த்ததும் கேட்பேன், "புரிஞ்சுதா? சொல்லு." அவள் தன் வாயால் திருப்பிச் சொல்லணும். சொல்லிவிட்டாள் என்றால் உலகத்துக்கே புரியும். சொல்லவில்லை என்றால்?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது டீச்சர், கவனிங்க. சொல்லவில்லை என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். வீடியோ தப்பாக இருக்கலாம், இல்லை இவள் அடுப்பை நினைத்துக்கொண்டு கவனிக்காமல் இருந்திருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னத்தில் ஒன்று விடுவேன். விட்டுவிட்டு மறுபடி போடுவேன். இப்போது சொல்லிவிட்டாள் என்றால் தப்பு அவளுடையது. அடித்த பிறகும் சொல்லவில்லை என்றால் தப்பு வீடியோவுடையது, டீச்சரைத் திரும்ப எடுக்கச் சொல்வேன். என்ன முறைக்கிறீங்க? தராசில் கல்லை வைக்காமல் எடை தெரியுமா?

அவளும் ஒன்றும் சொன்னதில்லை. மாவு ஆட்டிக்கொண்டே பார்ப்பாள். "பூமிக்குள்ள தட்டு தட்டா இருக்குதுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முட்டுனா இமயமலை வருதுங்க." இப்படிச் சொல்வாள். ஒருநாள் என் வங்கிக் கடன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வட்டிக்கு வட்டி போட்டுருக்கானுங்க, கேக்கறதில்லீங்களா?" என்கிறாள். அதிர்ந்துபோனேன். வீடியோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அன்றைக்கு லோகுவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு சாயந்தரம் லிடியா டீச்சர், "அக்கா பாக்கும்போ நானும் இருக்கட்டா? எங்க தடுமாறுறாங்கன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம்" என்றாள். வா என்றேன். அன்றைக்கு ரத்த ஓட்டம். பாவாயி இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றிச் சொன்னாள். வழக்கம்போல ஒன்று விட்டேன். வளையல் எங்கேயோ போய் விழுந்தது. டீச்சர் எடுத்துக்கொடுத்தாள். மறுபடி போட்டேன், சரியாகச் சொன்னாள். "பார்த்தீங்களா டீச்சர், உங்க மேல தப்பில்ல" என்றேன். டீச்சர் தலையை ஆட்டினாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. பாராட்டினால் வெட்கப்படுகிற பெண் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு பாடம் எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு 'வீட்டில் அடி விழுந்தால்'.

"இதை யாரு பாக்கறது?" என்றேன்.

"பாதி நாடு பாக்கும் சார். சட்டத்த யாரும் மூணு நிமிஷத்துல சொன்னதில்ல."

பாதி நாடு! பேரம் தெரிந்த பெண். உடனே சரி என்றேன். சேனல் என்றால் சமூகத்துக்கும் நாலு நல்லது செய்யணும் இல்லையா. பெண்டாட்டியை அடிக்கிற குடிகாரன் எத்தனை பேர் இருக்கிறான்! நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை டீச்சர், அதை எழுதிக்கோங்க.

பாடத்தில் முதலில் ஒரு புருஷன் கை ஓங்கணும். நாடகக் கம்பெனி ஆள் ஒருத்தனைக் கூப்பிட்டேன். கை ஓங்குவதற்கு அவன் கேட்ட சம்பளத்தைக் கேட்டு எனக்குக் கை துறுதுறுத்தது. அவனைத் துரத்திவிட்டு, நானே செய்கிறேன் என்றேன். பெண்டாட்டி வேஷத்துக்கு லிடியாவே நின்றாள். "சார், கை பாதியில நிக்கணும். அங்க லோகு கட் பண்ணிருவான்" என்றாள். சரி என்றேன்.

கை பாதியில் நிற்குமா டீச்சர்? நீங்க இயற்பியல்தானே, நீங்களே சொல்லுங்க. வேகமாகப் போகிற பொருள் எப்படி நிற்கும்? விழுந்துவிட்டது. கண்ணாடி பறந்துபோய் அந்த மூலையில் கிடந்தது. லோகு பதறி கேமராவைத் தொடப் போனான். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், "நிறுத்தாத." கன்னம் சிவந்து வீங்கிக்கொண்டே வருகிறது, கண்ணாடி இல்லாமல் கேமராவை நேராகப் பார்த்து ஆரம்பித்தாள்.

"முதல்ல, பாதுகாப்பான இடத்துக்கு நகருங்க. ரெண்டாவது, நூத்தி எண்பத்தொண்ணுக்குப் போன் பண்ணுங்க, விலாசத்த நிதானமா சொல்லுங்க. மூணாவது, காயத்த போட்டோ எடுங்க. நாலாவது, ஆஸ்பத்திரியில விழுந்துட்டேன்னு சொல்லாதீங்க, யார் அடிச்சாங்கன்னு சொல்லுங்க, அதப் பதிவு பண்ணச் சொல்லிக் கேளுங்க. அஞ்சாவது, வீட்ட விட்டு நீங்க போக வேண்டியதில்ல. அது யார் பேர்ல இருந்தாலும் அங்க இருக்க உங்களுக்கு உரிமை உண்டு."

ஒரே டேக். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. நான் கைதட்டினேன்.

ராத்திரி பாவாயிக்குப் போட்டுக் காட்டினேன். மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என் கை வந்து விழுகிறது, கண்ணாடி பறக்கிறது, டீச்சர் பேசுகிறாள். முடிந்தது. "புரிஞ்சுதா? சொல்லு."

"புரிஞ்சுதுங்க" என்றாள்.

"சொல்லு."

வரிசையாகச் சொன்னாள் டீச்சர்! முதல்ல, ரெண்டாவது, மூணாவது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எந்த வீடியோவையும் அவள் முதல் தடவையிலேயே அப்படிச் சொன்னதில்லை. அவளை அடிக்காமலே படுத்த ராத்திரி அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லிடியா அடுத்த நாளே வேலையை விட்டுப் போய்விட்டாள். ஒரு அடி தாங்காதவள் என்ன டீச்சர்? ஆனால் வீடியோ, அடேங்கப்பா! எங்கள் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கமெண்ட் வந்துகொண்டே இருந்தது. 'உங்களால் தைரியம் வந்தது அண்ணா', 'நன்றி சார், நேற்று போன் செய்துவிட்டேன்'. ஒவ்வொன்றுக்கும் நானே கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினேன். வக்கீல் இப்போது அதை எடுத்துவிடு எடுத்துவிடு என்கிறான். எப்படி எடுப்பது? சேனலே அதில்தான் ஓடுகிறது.

அவசரப்படாதீங்க, வக்கீல் எதற்கு என்பதற்குத்தான் வருகிறேன்.

லிடியா போன பிறகு வேறு டீச்சர் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள் போல, கதவு வரைக்கும் வந்து திரும்பினார்கள். நானே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். லிடியா எடுத்த பாம்புக்கடியையே என் பாணியில் புதிதாக எடுத்தேன். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டணும், பிளேடால் கீறி உறிஞ்சணும். எங்கள் காலத்தில் அப்படித்தான். அன்றைக்கு வீட்டில் கரண்ட் இல்லை, பாவாயியை இங்கேயே வரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். லோகு சாப்பிடப் போயிருந்தான்.

"புரிஞ்சுதா? சொல்லு."

"தப்புங்க" என்றாள்.

தராசு பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"கட்டக் கூடாதுங்க. ரத்தம் ஓடாம கையே அழுகிப்போயிருமுங்க. கீறவும் கூடாது. அசையாம வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். டீச்சர் அந்த வீடியோவுல சொன்னாங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, உங்க வீடியோவ நீங்களே பாக்கறதில்லீங்களா?"

நான் அடிக்கவில்லை டீச்சர். சத்தியமாக அடிக்கவில்லை. எப்படிக் கட்டுவது என்று காட்டலாம் என்று கையைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் முறுக்கினேன். அவ்வளவுதான். முட்டை உடையும் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், தூக்கத்தில் கேட்டால்கூட எந்தத் தட்டு என்று சொல்வேன். இது அந்தச் சத்தம் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினாலும் வெளியே கேட்காது, அது அவளுக்குத் தெரியும். பசை தடவிக் கொடுத்ததே அவள்தான். பின்னாலேயே நகர்ந்து அந்தச் சுவர் ஓரம் உட்கார்ந்தாள். நல்ல கையால் சுவரிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்தாள். ரெண்டாக மடித்தாள். ஒடிந்த கைக்கு அடியில் வைத்து, முந்தானையைப் பல்லால் கிழித்துச் சுற்றினாள். ஒடிந்த இடத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. 'எலும்பு முறிவு' வீடியோவில் இருப்பது அப்படியே! நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் தவறி, "கரெக்ட்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் போனை எடுத்தாள். கையைப் போட்டோ எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். அண்ணன்காரனுக்குப் போன் செய்கிறாள் என்று நினைத்தேன், அவனைச் சமாளித்துக்கொள்ளலாம், ரெண்டு அறை விட்டால் அடங்குகிற ஆள். ஆனால் இவள் விலாசத்தை நிதானமாகச் சொல்கிறாள். "முட்டைக் குடோன் மாடிங்க. கதவு தள்ளுனா தெறக்காது, இழுக்கோணும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "விழுந்துட்டீங்களாம்மா?" நான் முந்திக்கொண்டு, "ஆமாங்க, படியில" என்றேன். அவள், "இல்லீங்க. எங்க ஊட்டுக்காரர் முறுக்குனாருங்க. அதப் பதிவு பண்ணுங்க" என்றாள். நாலாவது! நாலாவது பாயின்ட் டீச்சர் அது!

ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் நிற்கிறேன். பெண் இன்ஸ்பெக்டர். பாதுகாப்பு அலுவலர் என்று இன்னொரு அம்மா. பாவாயி கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து சொல்கிறாள், முதல்ல, ரெண்டாவது, மூணாவது என்று. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அந்த இன்ஸ்பெக்டர் கேட்டாள், "மூணாவதுகூட முடிக்கலைங்கறே, இவ்வளவு தெளிவா யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

இவள் என்னைக் கை காட்டினாள். ஒடியாத கையால்.

"இவருதானுங்க. மூணே நிமிஷத்துல."

ஸ்டேஷனே சிரித்தது. பாதுகாப்பு அலுவலர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உங்களிடம் சொன்னால் என்ன, எனக்கு ஒரு பெருமை. என்ன ஒரு ரிசல்ட்! எந்தப் பள்ளிக்கூடத்தால் முடியும்?

இப்போது கோர்ட் உத்தரவு. நான் கட்டின வீட்டில் அவள் இருக்கிறாள், நான் இங்கே. அந்த மூலையில் பாய் சுருட்டி வைத்திருக்கிறேன் பாருங்க, ஸ்டவ்வும் அங்கேதான். நான் வாசலுக்குப் போகக் கூடாது, போன் செய்யக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. அஞ்சாவது பாயின்ட். ரெண்டு பேரை வைத்துக் கதவை உடைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போனேன் ஒருநாள். தெருமுனையிலேயே ஜீப் நிற்கிறது. அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். பயப்படவே இல்லை. அதை என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

உங்களைக் கூப்பிட்டது இயற்பியலுக்கு இல்லை டீச்சர். ஒரு வீடியோ அவளைக் கொண்டுபோனது இல்லையா, ஒரு வீடியோ என்னை வீட்டுக்குள் கொண்டுபோகணும். மூணு நிமிஷம். நீங்க எழுதி நீங்களே பேசணும், பெண் சொன்னால் அவள் கேட்பாள். முதல்ல கதவைத் திற, ரெண்டாவது கேஸை வாபஸ் வாங்கு, இப்படி வரிசையாக. வரிசையாகச் சொன்னால் அவளுக்கு ஏறும். நேராக அனுப்பக் கூடாது, ஆனால் சேனலில் போட்டால் யார் கேட்பது? அவள் பார்ப்பாள். வீடியோ போட்டவுடனே, பார்த்தவர் 'ஒண்ணு' என்று காட்டும், ஊரே தூங்கும் நேரத்தில் போட்டால்கூட. அந்த ஒண்ணு அவள்தான்.

லோகு சொல்கிறான், "அண்ணா, அந்த ஒண்ணு நீங்கண்ணா. போட்டவுடனே நீங்கதான் தெறந்து பாக்கறீங்க." அதற்குத்தான் அந்த நாற்காலி அவன் முதுகில் விழுந்தது. போய்விட்டான். நன்றி கெட்டவன், எத்தனை பிரியாணி.

நானே ஒருதரம் முயற்சி செய்து பார்த்தேன். லைட்டைப் போட்டு, கேமராவை வைத்து, இந்த இடத்தில் உட்கார்ந்து, "பாவாயி, முதல்ல" என்று ஆரம்பித்தேன். முதல்ல என்ன? முதல்ல என்ன என்று தெரியவில்லை டீச்சர். பேரத்தில் எனக்குப் பேச்சு நின்றதே கிடையாது. முதல்ல, முதல்ல என்றே மூணு நிமிஷமும் போய்விட்டது. போட்டுப் பார்த்தால் கடைசியில் நான் மேஜையைக் குத்துகிறேன். அந்தக் காலி இடத்தில் சத்தம் பட்டுத் திரும்பி வருகிறது. இன்னொரு அட்டை ஒட்டலாம், கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஒட்டத் தோன்றவில்லை.

அதைப் போட்டுக்காட்டிப் புரிஞ்சுதா என்று கேட்க ஆள் இல்லை. அதுதான் விஷயம்.

என்ன எழுந்துட்டீங்க? உட்காருங்க. உட்காருங்க என்கிறேன் இல்லையா! கை ஓங்கவில்லை அம்மணி, லைட்டை நகர்த்தப் போனேன். சும்மா ஏன் பின்னால் போறீங்க, அங்கே ஒயர் கிடக்கிறது, தடுக்கும். போனை எதற்கு எடுக்கறீங்க? வையுங்க. நான் சொன்னதில் என்ன தப்பு, அதைச் சொல்லிவிட்டுப் போங்க. கதவு இழுத்தால் வராது, தள்ளணும். ஆமாம், அப்படித்தான்.

டீச்சர்! இவ்வளவு நேரம் கேட்டீங்களே, புரிஞ்சுதா, சொல்லுங்க! ஒரு வார்த்தை! டீச்சர்!

சாத்திக்கிட்டது. இனி எவ்வளவு கத்தினாலும் கேட்காது. நானே பார்த்துப் பார்த்து ஒட்டினது.